கண்ணும் கணையும்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், பொழுது புலர்வதற்கு முன்னர், ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் 17 சிங்கப்பூரின் மேல் வந்தன. தெங்கா, செலேத்தார் வான்தளங்களைத் தகர்ப்பது அவற்றின் முதன்மை நோக்கம். அவ்வேளையில் நகரத்துத் தெருவிளக்குகள் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டிருந்தன. குண்டுகள் வான்தளங்களில் மட்டும் விழவில்லை. கடைகள் நிறைந்த ராபிள்ஸ் பிளேசிலும், மக்கள் நெருங்கி வாழ்ந்த சைனாடவுனிலும் விழுந்தன. அந்த ஓர் இரவில் 61 பேர் மாண்டனர்.

அதனை அடுத்த வாரங்களில் குண்டுவீச்சு நாள்தோறும் என்னும் அளவுக்குப் பெருகியது. சிராங்கூன் சாலைப் பகுதிக்குச் சற்றுத் தொலைவிலேயே காலாங் விமான நிலையம் இருந்தது. எனவே அப்பகுதியில் வாழ்ந்த நம்மவரும் அச்சத்திலேயே நாட்களைக் கடத்தினர். குண்டு விழுந்த வேளைகளில் மக்கள் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலில் அடைக்கலம் புகுந்தனர் என்பதும், கோயில் சேதமின்றித் தப்பியது என்பதும் லிட்டில் இந்தியாவின் வரலாற்றில் இடம்பெற்றுள்ள செய்திகள். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

அந்நாளில் விமானி குறித்த இடம் ஒன்று. குண்டு விழுந்த இடம் வேறொன்று. இந்நாளிலோ, ஆளில்லா விமானத்திலிருந்து லேசர் ஒளியைப் பற்றிக்கொண்டு செல்லும் ஏவுகணை, குறித்த வாகனத்தின் மீதே சென்று தாக்குகிறது. குறி தவறுவதால்தான் குற்றமற்றோர் மாண்டனர் என்றால், குறி தவறாத கருவி வந்தபின் அத்துயரம் தீர்ந்திருக்க வேண்டும் அன்றோ? தீர்ந்ததா? இவ்வினாவை முன்வைத்து இக்கருவியின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

குறி தவறிய காலம்

மேலிருந்து எறிவது எளிது. குறித்த இடத்தில் எறிவது அரிது. ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். 5,000 மீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் குண்டு, காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், தரையை அடைய ஏறத்தாழ 32 விநாடி ஆகும். விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுமாயின், அந்த 32 விநாடியில் குண்டு முன்னோக்கி இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே இலக்கைத் தாண்டும்போது அல்ல, அதற்கு இரண்டரை கிலோமீட்டர் முன்னதாகவே குண்டை விடவேண்டும். வேகத்தைக் கணிப்பதில் சிறு பிழை, காற்றின் போக்கில் சிறு மாற்றம், ஓரிரு விநாடித் தாமதம் ஆகிய இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் குண்டு அடுத்த தெருவிலன்று, அடுத்த பேட்டையில் விழும்.

தீயால் உந்தப்பட்டுச் செல்லும் வாணங்களின் நிலையும் இதுவே. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் நடந்த போரில், மைசூர்ப் படையினர் இரும்புக் குழல்களில் மருந்தடைத்த வாணங்களை ஆங்கிலேயர்மேல் ஏவினர். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தமை அவர்தம் தோல்விக்கு ஒரு காரணமாயிற்று. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அவ்வாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஆராயப்பட்டன. வில்லியம் காங்கிரீவ் என்பார் அவற்றைத் திருத்தி அமைத்தார். 1807இல் அவை கோப்பன்ஹேகன் நகரின்மேல் பொழியப்பட்டன. வாணம் தொலைவைக் கடந்தது. ஆயினும் போகும் வழியைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை.

அவ்வாற்றலை முதலில் போர்க்களத்தில் காட்டியவர் ஜெர்மானியர். 1943 செப்டம்பர் 9ஆம் நாள், இத்தாலியப் போர்க்கப்பல் ரோமாவை நோக்கி ‘பிரிட்ஸ் எக்ஸ்’ என்னும் குண்டுகளை விடுத்தனர். விமானத்தில் இருந்தவர் குண்டின் வாலிலிருந்த ஒளியைக் கண்ணால் பின்தொடர்ந்து, வானொலி அலையால் அதனைத் திருப்பினார். கப்பல் மூழ்கியது, 1,300 பேருக்கு மேல் மாண்டனர். ஜப்பானியரோ 1945இல் ‘ஓகா’ என்னும் கருவியைக் களத்தில் இறக்கினர். அது வெடிமருந்து நிரம்பிய சிறு விமானம். இலக்கை நோக்கி அதனைச் செலுத்தும் வீரன் அதனுடனேயே மாள்வான். வழிகாட்டும் கருவி வாய்க்காத இடத்தில் மனித உயிரே கருவியாக்கப்பட்டது.

ஒளி வழிகாட்டியானது

இந்நிலையை மாற்றியது ஓர் ஒளி. தூண்டுதலால் ஒளி பிறக்கும் என்னும் கொள்கையை ஐன்ஸ்டீன் 1917இலேயே வகுத்திருந்தார். 1960 மே 16ஆம் நாள் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன், மாணிக்கக் கல்லின் படிகத்தைக் கொண்டு முதல் லேசர் ஒளியைப் பிறப்பித்தார். சாதாரண விளக்கின் ஒளி நாற்புறமும் சிதறும். லேசர் ஒளியோ ஒரே நிறத்தினதாய், நெடுந்தொலைவு சென்றாலும் அதிகம் விரியாத மெல்லிய கற்றையாய் நிற்கும். கண் மருத்துவத்துக்கும் அளவை வேலைக்கும் பயன்படும் அவ்வொளியைச் சில ஆண்டுகளிலேயே போர்த்துறை தனக்கு எடுத்துக்கொண்டது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் எல்லோரும் கற்ற முதற்பாடம். அவ்வழியே இதனை விளக்குவேன். வெயில் நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு கண்ணாடித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரின்மேல் ஒளிப்பொட்டு விழச் செய்து விளையாடுவதைப் பார்த்திருப்போம். எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு பூனை அந்தப் பொட்டைப் பிடிக்கத் தாவித் தாவி ஓடும். கண்ணாடி வைத்திருக்கும் சிறுவன் ஓரிடத்தில், பூனை வேறிடத்தில். பூனை சிறுவனைப் பார்ப்பதில்லை, பொட்டையே பார்க்கிறது. பொட்டு நகர்ந்தால் பூனையும் திரும்புகிறது.

லேசர் ஏவுகணையின் இயக்கம் இவ்வளவே. ஒருவர் இலக்கின்மீது லேசர் பொட்டை விழச்செய்கிறார். அவ்வொளி மனிதக் கண்ணுக்குப் புலப்படாது. இலக்கில் பட்டுச் சிதறும் ஒளியை ஏவுகணையின் மூக்கில் உள்ள உணர்கருவி பெறுகிறது. அது நான்கு கால்வட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நான்கிலும் ஒளி சமமாகப் பட்டால் கணை நேரே செல்கிறது என்பது பொருள். ஒன்றில் மிகுந்தால் அத்திசையில் சிறகுகள் திருப்பப்படும். ஒளி விட்டுவிட்டு, ஒரு குறிப்பிட்ட தாளத்தில் துடிக்கும். கணை தனக்குச் சொல்லப்பட்ட தாளத்தை மட்டுமே பின்பற்றும். ஆகையால் அருகே வேறொருவர் பாய்ச்சும் ஒளியைக் கண்டு மயங்காது. மேகம், புகை, புழுதி ஆகியவை குறுக்கிட்டால் ஒளி மங்கும். இதுவே இம்முறையின் பெருங்குறை.

இதன் வலிமையை உலகம் வியட்நாமில் கண்டது. 1965 முதல் அமெரிக்க விமானங்கள் தான் ஹோவா என்னும் பாலத்தின்மேல் மீண்டும் மீண்டும் குண்டு வீசின. விமானங்களை இழந்ததன்றிப் பாலத்தை வீழ்த்த முடியவில்லை. 1972 மே 13ஆம் நாள் லேசர் வழிகாட்டிய குண்டுகள் அதனை வீழ்த்தின. ஏழாண்டு ஆகாத காரியம் ஒரு நாளில் முடிந்தது.

கண்ணும் கணையும் ஓருடலாயின

இக்கட்டுரைக்குரிய ஏவுகணையின் பெயர் ‘ஹெல்ஃபயர்’. பீரங்கி வண்டிகளை உடைப்பதற்காக ஹெலிகாப்டரிலிருந்து ஏவத்தக்கதாய் அமெரிக்கர் இதனை 1970களில் உருவாக்கினர். நீளம் ஏறத்தாழ 163 சென்டிமீட்டர். எடை 50 கிலோவுக்குள். பாயும் தொலைவு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். 1991 ஜனவரி 17ஆம் நாள் வளைகுடாப் போரின் தொடக்கத்தில் ஈராக்கின் ராடார் நிலையங்களைத் தகர்த்தவை, அப்பாச்சி ஹெலிகாப்டர்களிலிருந்து சென்ற இவ்வேவுகணைகளே.

இதற்கு இணையாக வேறொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. பாக்தாதில் பிறந்து, இஸ்ரவேலில் பயின்று, அமெரிக்காவில் குடியேறிய ஏப்ரகாம் கரெம் என்னும் பொறியாளர், நெடுநேரம் வானில் நிலைத்துப் பறக்கும் ஆளில்லா விமானங்களை வடிவமைத்தார். அவ்வழியில் வந்த ‘பிரிடேட்டர்’ 1994இல் முதலாகப் பறந்தது. 1995இல் போஸ்னியாவின்மேல் உளவு பார்த்தது. அப்போது அது வெறுங் கண் மட்டுமே. 1999இல் கொசோவோ போரின்போது அதில் லேசர் கருவி பொருத்தப்பட்டது. இப்போது அக்கண், இலக்கைச் சுட்டிக்காட்டும் விரலும் ஆயிற்று. 2001 பிப்ரவரி 16ஆம் நாள் நெவாடாப் பாலைவனத்தில் பறந்துகொண்டிருந்த பிரிடேட்டரிலிருந்து ஹெல்ஃபயர் ஏவப்பட்டு இலக்கைத் தாக்கியது. அவ்வாண்டு அக்டோபரிலேயே அது ஆப்கானிஸ்தான் போரில் இறங்கியது.

பார்ப்பது, சுட்டுவது, எய்வது என்னும் மூன்றும் அன்று ஒரே உடலில் சேர்ந்தன; ஆனால் அவ்வுடலை இயக்குபவர் அதில் இல்லை. அவர் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஓர் அறையில், திரையின்முன் அமர்ந்திருக்கிறார். செயற்கைக்கோள் வழியே வரும் படம் ஓரிரு விநாடி பிந்தியே அவரை அடைகிறது.

கண் வேறு, கணை வேறாக இருந்த நிலையையும் தமிழர் அறிவர். இலங்கையில் 2006 முதல் 2009 வரை நடந்த இறுதிக்கட்டப் போரில், அரசுப் படையின் ஆளில்லா வேவு விமானங்கள் வன்னியின்மேல் வட்டமிட்டன. அவற்றின் இரைச்சலை வைத்து மக்கள் அவற்றுக்கு இட்ட பெயர் ‘வண்டு’. தாக்கியவை ஜெட் விமானங்களும் பீரங்கிகளும்; எனினும் வண்டின் ஒலி கேட்டதுமே மக்கள் பதுங்குகுழிகளைத் தேடினர். படைத்துறை அகராதியில் இல்லாத அந்தச் சொல்லை அகதியாய் ஓடிய மக்கள் தமிழுக்குத் தந்தனர். எதிர்காலத்தில் சொல்லாராய்ச்சி செய்வோர் அதனை விட்டுவிடலாகாது.

நம் வானத்தில்

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று இருந்துவிட இயலாது. தமிழ்நாட்டில் அரக்கோணத்தை அடுத்துள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்திலிருந்து, 2020 நவம்பர் முதல், குத்தகைக்குப் பெற்ற எம்.கியூ. 9பி வகை ஆளில்லா விமானங்கள் இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்து வந்தன. அவற்றுள் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் கடலில் இறங்க நேர்ந்தது. அடுத்த மாதம், அக்டோபர் 15ஆம் நாள், அவ்வகை விமானங்கள் 31 வாங்குவதற்கு இந்தியா ஒப்பந்தம் செய்தது. அவ்விற்பனை குறித்து அமெரிக்க அரசு அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிப்பில் ஹெல்ஃபயர் ஏவுகணைகளும் இடம்பெற்றிருந்தன. 2025 ஜூலையில் இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், ஆளில்லா விமானத்திலிருந்து ஏவும் தன் சொந்தத் துல்லிய ஏவுகணையைக் கர்நூல் சோதனைத் தளத்தில் ஏவிப் பார்த்தது.

சிங்கப்பூர் ஆகாயப்படை 2007இல் ‘ஹெர்மிஸ் 450’ விமானங்களையும், 2012இல் ‘ஹெரோன் 1’ விமானங்களையும் பணியில் சேர்த்தது. இவை கண்காணிப்புப் பணிக்கென அறிவிக்கப்பட்டவை. ஹெல்ஃபயர் ஏவுகணையோ அப்படையின் அப்பாச்சி ஹெலிகாப்டர்களுக்கு உரியது. சிறிய தீவு, சுற்றிலும் கடல், குறுகிய வான்வெளி. அத்தகைய நாட்டுக்கு முன்கூட்டியே காணும் கண் இன்றியமையாதது என்பதை 1941இன் அந்த இரவே கற்பித்துவிட்டது. எனவே கருவியே தீது என்பது நம் வாதம் அன்று. ஒரு பட்டணத்தை அழிக்காமல் ஒரு பீரங்கியை மட்டும் அழிக்க முடியுமாயின் அது நன்றேயாகும். ஆனால் அந்த நன்மை எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

தண்ணீர்க் கலம்

2021 ஆகஸ்ட் 26ஆம் நாள் காபூல் விமான நிலைய வாயிலில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் 13 அமெரிக்கப் படையினரும் ஏறத்தாழ 170 ஆப்கானியரும் மாண்டனர். மற்றொரு தாக்குதல் வருமென்று அமெரிக்கப் படை அஞ்சியது. ஆகஸ்ட் 29ஆம் நாள் ஒரு வெள்ளைக் காரை ஆளில்லா விமானங்கள் ஏறத்தாழ எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தன. காரில் கலங்கள் ஏற்றப்பட்டன. அவை வெடிமருந்து என்று எண்ணப்பட்டது. கார் ஒரு வீட்டின் முற்றத்தில் நின்றபோது ஹெல்ஃபயர் ஏவப்பட்டது. அது குறி தவறவில்லை. காரின் மேலேயே விழுந்தது. மாண்டவர் பத்துப் பேர். அவர்களுள் ஏழு பேர் குழந்தைகள். காரை ஓட்டியவர் உதவி நிறுவனமொன்றின் ஊழியர். ஏற்றப்பட்டவை, வீட்டுக்குக் கொண்டுசெல்லும் தண்ணீர்க் கலங்கள் என்பது செய்தித்தாள் ஆராய்ச்சியால் வெளிவந்தது. முதலில் அச்செயலைச் சரியென்று கூறிய அமெரிக்கப் படைத்தலைமை, 19 நாள் கழித்து, செப்டம்பர் 17ஆம் நாள், அது தவறு என்று ஒப்புக்கொண்டது.

இராமகாதையைக் கற்றோர்க்கு இங்கே தசரதன் நினைவு வாராமல் போகாது. வான்மீகியும் கம்பரும் அக்கதையைக் கூறியுள்ளனர். ஒலி வரும் திசையை நோக்கி எய்து, காணாத இலக்கையும் தவறாது வீழ்த்தும் வித்தையைத் தசரதன் கற்றிருந்தான். வேட்டைக்குச் சென்றபோது நீர்நிலையில் ஒலி கேட்டது. யானை நீர் பருகுகிறது என்று துணிந்து அம்பை விட்டான். அம்பு தவறவில்லை. ஆனால் அங்கே இருந்தது யானை அன்று. கண்ணிழந்த பெற்றோர்க்காகக் குடத்தில் நீர் முகந்துகொண்டிருந்த சிறுவன்.

இரண்டிலும் தண்ணீர்க் கலமே பிழைபட உணரப்பட்டது. இரண்டிலும் கணை தன் கடமையைச் செவ்வனே செய்தது. பிழை நேர்ந்த இடம் எய்பவனின் துணிபு. கணை குறியை அடைவது ஒரு கலை; குறியில் இருப்பது யார் என்று அறிவது வேறொரு கலை. முன்னதை லேசர் ஒளி நிறைவாக்கியது. பின்னதற்கு அது ஒரு துணையும் செய்வதில்லை. ஏனெனில் லேசர் பொட்டு எதன்மீது விழுந்தாலும் ஒன்றுபோலவே ஒளிர்கிறது. அன்றியும், முன்னதில் பெற்ற வெற்றி பின்னதிலும் நாம் தேர்ந்துவிட்டோம் என்னும் மயக்கத்தை விளைக்கிறது. ‘துல்லியம்’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் வழங்குவதே அம்மயக்கத்தின் வேர்.

ஒரு வேறுபாடும் உண்டு. தசரதன் அலறல் கேட்டு ஓடினான். வீழ்ந்த சிறுவனின் அருகே சென்றான். அவன் சொல்லைக் கேட்டான். அப்பெற்றோரிடம் தானே சென்று, செய்தது தான் என்று கூறி நின்றான். எய்தவனுக்கும் எய்யப்பட்டவனுக்கும் இடையே இருந்த தொலைவு காலால் நடந்து கடக்கும் தொலைவு. இன்று அத்தொலைவைக் கடக்க ஆணையமும், ஆவணமும், செய்தியாளரும் வேண்டியிருக்கிறது.

போரறம்

கணை விடுவதற்கு முன் ஆளைப் பிரித்தறிதல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று 9ஆம் பாட்டை நம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆக்கள், அந்தணர், பெண்டிர், பிணியாளர், மகப்பேறு இல்லாதோர் ஆகியோர் அரணைச் சேருமாறு, அம்பு விடுமுன் அறிவிக்கும் அறநெறியை உடையவன் அவன் என்று அப்பாட்டு புகழ்கிறது. அது புகழ்ப்பாட்டு ஆதலின், நடந்தவாறே கூறியதாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் எதனைச் செய்தால் மன்னன் புகழுக்குரியவன் என்று அச்சமூகம் கருதியது என்பதற்கு அது சான்று. 1977இல் எழுந்த ஜெனீவாக் கூடுதல் உடன்படிக்கையும், தாக்குமுன் இலக்கு படைத்துறை சார்ந்ததா என்று ஆராயவும், இயலும் இடத்தில் குடிமக்களுக்கு முன்னறிவிப்புச் செய்யவும் கட்டளையிடுகிறது.

ஆயுதம் தாங்கிய ஆளில்லா விமானங்களின் ஏற்றுமதியும் பயனும் பொறுப்போடு நடைபெற வேண்டும் என்று 2016 அக்டோபரில் 40க்கும் மேற்பட்ட நாடுகள் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. சிங்கப்பூரும் அவற்றுள் ஒன்று. அவ்வறிக்கை சட்டமாகப் பிணிப்பதன்று, நல்லெண்ணத்தின் அளவே. ஆயினும் வினாவை எழுப்பியவரை அது நன்று.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இப்போது தெளிவு. 1941இல் மக்கள் மாண்டது குண்டு வழி தவறியதால். 2021இல் மாண்டது கணை வழி தவறாததால். முதற்குறையை இயற்பியல் தீர்த்தது. இரண்டாவது குறையைத் தீர்க்க இயற்பியலால் இயலாது. அது ஐயத்தைப் போற்றும் பழக்கத்தால், உறுதியாகத் தெரியாதபோது கையை மடக்கும் மனத்தால் தீர வேண்டியது.

ஆளில்லா விமானத்தைப் பற்றி இன்றைய மாணவர் நம்மைவிட மிகுதியாக அறிவர். சிலர் நாளை அதனை வடிவமைக்கவும் கூடும். சிலர் திரையின்முன் அமர்ந்து அதனை இயக்கவும் கூடும். அவர்களுக்கு லேசரின் இயல்பை அறிவியல் ஆசிரியர் கற்பிப்பார். குடத்தில் நீர் முகந்த சிறுவனின் கதையையும், முதுகுடுமியின் அறத்தையும் கற்பிக்கும் கடமை தமிழாசிரியர் நமக்கு உரியது. அவ்விரு பாடங்களையும் தேர்வுக்குரிய செய்யுளாக மட்டும் நடத்திவிட்டு அகல்வோமாயின், அது நம் தொழிலில் நாம் குறி தவறியதாகும்.